தள்ளினால் சுற்ற வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் மண்டபம், பாம்பன் பக்கப் பட்டறைகளில் நிற்க இடம் இருக்காது. படகு வேலையாக வருபவர்கள் போகிற போக்கில் ஒன்று கேட்பார்கள்: "மோட்டார் எல்லாம் வேண்டாம்ணே, கையால தள்ளுனா சுத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" புராஜெக்ட்டோடு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் கேட்பதும் ஏறக்குறைய இதேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் எதை வரைய வேண்டும்?

எதையும் வரைய வேண்டாம். ஒரு தாளில் நாலு விஷயம் எழுதுங்கள். எவ்வளவு பலமாகத் தள்ளப்போகிறீர்கள்? எவ்வளவு தூரம் தள்ளப்போகிறீர்கள்? தள்ளிய கை திரும்பி வரும்போது என்ன நடக்க வேண்டும்? சுற்றுகிற முனை விடாமல் சுற்ற வேண்டுமா, கால்வாசி திரும்பி நின்றால் போதுமா?

முதல் இரண்டையும் எல்லோரும் யோசித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் எந்த அமைப்பு என்று முடிவு செய்வதே அந்த மூன்றாவது கேள்விதான். கை திரும்பும்போது சக்கரமும் திரும்பி வரலாம் என்றால் ஒரு வழி, சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்றால் வேறு வழி, அது போன போக்கில் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றால் இன்னொரு வழி.

மொத்தம் எத்தனை வழிதான் இருக்கிறது?

புத்தகத்தில் நூறு படம் போட்டிருப்பார்கள். பட்டறையில் செய்யக்கூடியவை என்று பார்த்தால் நாலைந்துதான். கிராங்க், அதாவது தள்ளும் தண்டும் அச்சில் மாட்டிய வளைகையும். ராட்செட், அதாவது பல்சக்கரமும், ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடும்படி அதில் விழும் நாக்கும். ரேக், அதாவது பல் வெட்டிய நீளச் சட்டம் ஒரு சின்னப் பல்சக்கரத்தை உருட்டுவது. அப்புறம் செங்குத்தாக முறுக்கிய மரை. ஐந்தாவது, எதுவுமே இல்லாமல் ஆளே சுற்றி நடப்பது.

எதை எடுத்தாலும் ஒரு கணக்கு மாறாது. கை தள்ளிய பலத்தைத் தள்ளிய தூரத்தால் பெருக்கினால் வருகிற வேலைதான் மறுமுனையில் கிடைக்கும், அதிலும் உராய்வு தின்றது போக மீதி. பலம் கூடினால் தூரம் குறையும். இரண்டும் கூடுகிற மாதிரி யாராவது படம் காட்டினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சுற்றி நடப்பது எல்லாம் ஒரு அமைப்பா?

ஆமாம். எனக்குக் கேட்டால் அதுதான் முதல் அமைப்பு. நிறுத்தி நட்ட உருளை, அதன் தலையில் குறுக்கே ஒரு கழி, கழியைத் தள்ளிக்கொண்டே ஆள் நடக்கிறார். செக்கில் மாடு செய்வதும் இதுதான். கை திரும்பி வருகிற பிரச்சினையே இதில் கிடையாது. நாக்கு, ஸ்பிரிங் எதுவும் வேண்டாம். துருப்பிடிக்க அச்சு ஒன்றுதான் இருக்கிறது. இடம் மட்டும் வேண்டும். கழி நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் நீண்டிருந்தால் 3 மீட்டர் விட்டத்தில் வட்டம் காலியாக இருக்க வேண்டும். கடற்கரையில் அது கிடைக்கும். படகுத் தளத்திலோ வீட்டுக் கொல்லையிலோ கிடைக்காது. இடம் இருந்தால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டு இதையே செய்யுங்கள்.

தையல் மெஷின் மிதி மாதிரி செய்தால் சில நேரம் சுற்றாமல் முட்டிக்கொண்டு நிற்கிறதே, ஏன்?

தையல் மெஷினே அப்படித்தான் நிற்கும். அதனால்தான் உட்கார்ந்ததும் மேல் சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மிதிக்கிறார்கள். தண்டும் வளைகையும் ஒரே நேர்கோட்டில் வரும் இடம் ஒரு சுற்றில் இரண்டு உண்டு. டெட் சென்டர் என்பார்கள். அந்த இடத்தில் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பலம் நேராக அச்சுக்குள் இறங்குமே தவிர சக்கரம் அசையாது. அங்கிருந்து கிளம்பினால் எந்தப் பக்கம் சுற்றும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இதற்கு மருந்து கனமான சக்கரம், ஃப்ளைவீல். முன்பு தள்ளிய வேகத்தைச் சேர்த்து வைத்து அந்த இரண்டு இடத்தையும் அது தாண்டிவிடும். கனத்தை விளிம்பில் வையுங்கள், நடுவில் வைத்தால் பலன் மிகக் குறைவு. அடுத்த மருந்து, 90 டிகிரி விலகலில் இரண்டாவது வளைகை. ஒன்று முட்டி நிற்கும்போது மற்றது முழுப் பலத்தில் தள்ளிக்கொண்டிருக்கும்.

அளவு சொல்கிறேன். தள்ளும் தூரம் வளைகை நீளத்தைப் போல் இரண்டு மடங்கு. 20 செ.மீ. தள்ளப்போகிறீர்கள் என்றால் வளைகை 10 செ.மீ. இணைக்கும் தண்டு வளைகையைப் போல் குறைந்தது 3 மடங்கு, முடிந்தால் 4 மடங்கு. குட்டையாகப் போட்டால் தண்டு பக்கவாட்டில் இடித்து புஷ்ஷை (அச்சு சுற்றுகிற உள்குழாயை) தின்றுவிடும். 10 கிலோ பலத்தில் தள்ளினால் திருப்புவிசை, அதாவது பலத்தை வளைகை நீளத்தால் பெருக்கியது, உச்சத்தில் 100 கிலோ-செ.மீ. இருக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தள்ளி, திரும்பும்போது சும்மா விட்டால், முழுச் சுற்றுக்குச் சராசரி 32 தான். மாணவர்கள் உச்சத்தை எழுதிவிட்டு மோட்டாரோடு ஒப்பிடுகிறார்கள், சராசரியை எழுதுங்கள்.

வீட்டில் மாப் கம்பை அழுத்தினால் கிர்ரென்று சுற்றுகிறது. அதையே பெரிதாகச் செய்யலாமா?

அந்தக் கம்புக்குள் இருப்பது முறுக்கிய தகடு. செங்குத்தான மரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண போல்ட்டில் நட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது சுற்றி இறங்காது. 12 மி.மீ. போல்ட்டில் மரையின் சாய்வு 3 டிகிரிக்கும் குறைவு. எண்ணெய் போட்ட இரும்பிலேயே உராய்வைத் தாண்ட 8, 9 டிகிரி வேண்டியிருக்கும். மாப் தகட்டில் சாய்வு அதைவிடப் பல மடங்கு, அதனால் அழுத்தியதும் சுற்றுகிறது. கம்பை மேலே தூக்கும்போது தலை திரும்பிச் சுற்றாமல் இருக்க உள்ளே ஒருவழிப் பிடியும் உண்டு.

பெரிதாகச் செய்யலாம், ஆனால் பலம் கிடைக்காது. ஒரு முழுச் சுற்றுக்கு 10 செ.மீ. இறக்கம் என்று வைத்து 5 கிலோ அழுத்தினால், 5-ஐ 10-ஆல் பெருக்கி 6.28-ஆல் வகுங்கள்: 8 கிலோ-செ.மீ. உராய்வு போக 5, 6 மிஞ்சலாம். ஈரம் உதற அது போதும். கயிறு இழுக்கப் போதாது.

வள்ளத்தைக் கரையேற்ற ஒரு கைவிசை வேண்டும். தள்ளினால் டிரம் சுற்றி கயிறு வர வேண்டும். கணக்கு எப்படி?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்காரர்களுக்கு வருடம் முழுக்க ஏற்றுவதும் இறக்குவதும் இருக்கிறது. காற்று திரும்பும்போது வடகடலிலிருந்து (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) படகை மாற்றுகிறவர்களுக்கு இன்னும் அதிகம்.

எஞ்சின் கழற்றிய சின்ன வள்ளம், 400 கிலோ என்று வைப்போம். ஈர மணலில் சும்மா இழுத்தால் எடையில் பாதி அளவு இழுவிசை வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போடலாம்: 200 கிலோ. அடியில் உருளைக் கட்டை போட்டால் நிறையக் குறையும், ஆனால் கட்டை நழுவுகிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

டிரம்மின் நடுவிலிருந்து கயிற்றின் நடு வரை 5 செ.மீ. அப்படியானால் டிரம்மைத் திருப்ப 200 × 5 = 1000 கிலோ-செ.மீ. வேண்டும். 1 மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ தள்ளினால் அது வந்துவிடும். உராய்வுக்காக 13, 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் மூச்சு வாங்காமல் தள்ளக்கூடிய பலம்தான்.

கைப்பிடி டிரம்மை ராட்செட் வழியாகச் சுற்றுகிறது. ஒரு தள்ளலில் கைப்பிடி 60 டிகிரி போகிறது என்றால் கயிறு 5.2 செ.மீ. உள்ளே வரும். 10 மீட்டர் ஏற்ற 190 தள்ளல். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்குகிறது. வேகம் வேண்டுமென்றால் டிரம்மைப் பெரிதாக்குங்கள், ஆனால் தள்ளும் பலமும் அதே விகிதத்தில் ஏறும். டிரம் இரு மடங்கு என்றால் 95 தள்ளல், ஒவ்வொன்றும் 27 கிலோ. இரண்டு ஆள் சேர்ந்தால் சரிதான்.

கயிற்றை முழுக்க டிரம்மில் சுற்றிச் சேர்க்கவும் வேண்டாம். நாலு சுற்று மட்டும் சுற்றி, வால் முனையை ஒரு பையனிடம் கொடுத்து இழுத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். நாலு சுற்றின் உராய்வில், அவன் ஓரிரு கிலோ பலத்தில் பிடித்தாலே 200 கிலோ நிற்கும். கயிறு வழுக்கினால் ஒரு சுற்று கூட்டுங்கள். இப்படிச் செய்தால் டிரம் 15 செ.மீ. நீளம் போதும், நடுவில் சற்று ஒடுங்கியிருந்தால் கயிறு ஓரத்துக்கு ஓடாது. டிரம் குட்டையானால் ஷாஃப்ட்டும், அதாவது அதன் அச்சுக் கம்பியும், குட்டையாகும், வளைவதும் குறையும். இரண்டு பேரிங்குக்கு நடுவே 25 செ.மீ. என்றால் 30 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஷாஃப்ட் தாங்கும். 25 மி.மீ. போட்டால் கணக்கு இழுபறிதான். படகு கல்லில் சிக்கி வெடுக்கென்று இழுத்தால் கஷ்டம்.

ராட்செட்டுக்குப் பழைய சைக்கிள் ஃப்ரீவீல் போதாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், நல்ல யோசனைதான். உள்ளே நாக்கும் பல்லும் மூடியபடி இருக்கிறது, எங்கும் கிடைக்கிறது, பின்சக்கரக் குடத்தோடு சேர்த்து வாங்கினால் மரையும் தயாராக இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு தாங்கும்? 70 கிலோ ஆள் எழுந்து நின்று மிதிக்கிறார், பெடல் கை 17 செ.மீ. என்றால் முன்னால் 1190 கிலோ-செ.மீ. முன் பல்சக்கரத்தில் 44 அல்லது 48 பல், பின்னால் 18. அப்படியானால் ஃப்ரீவீலுக்குப் போய்ச் சேர்வது 450-லிருந்து 490. அது வாழ்நாளில் பார்க்கும் பெரிய சுமையே அவ்வளவுதான். நம் வள்ளம் கேட்பது 1000.

இரண்டு ஃப்ரீவீலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஆளுக்குப் பாதி என்று நினைக்க வேண்டாம். இரண்டின் நாக்கும் ஒரே நேரத்தில் விழாது. முதலில் விழுந்ததுதான் முழுப் பாரத்தையும் தாங்கும். அதற்குப் பதில் ஃப்ரீவீலை முதல் அச்சில் வைத்து, அதிலிருந்து 18 பல்லுக்கு 44 பல் என்று செயின் போட்டு டிரம்மைச் சுற்றுங்கள். ஃப்ரீவீலுக்கு வருவது 410 ஆகக் குறையும். கைப்பிடியை 40 செ.மீ. ஆகக் குட்டையாக்கலாம், தள்ளும் பலம் அதே 10 கிலோதான். தள்ளல் எண்ணிக்கை மட்டும் இரண்டரை மடங்கு கூடும், ஆனால் ஒவ்வொரு தள்ளலும் அரை மீட்டருக்கும் குறைவு.

தகட்டில் வெட்டிய ராட்செட் என்றால் எத்தனை பல்?

24 பல், 15 செ.மீ. விட்டம், 12 மி.மீ. தகடு. ஒரு பல்லுக்கு 15 டிகிரி, 60 டிகிரி தள்ளலில் நாலு பல் நகரும். கைப்பிடிக்கு 65 டிகிரி இடம் விடுங்கள், இல்லாவிட்டால் நாக்கு விழுகிற நேரத்தில் கை முட்டிவிடும். பல் குறைவாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் தடிமனாக இருக்கும், ஆனால் நாக்கு விழும்வரை கை வீணாகப் போகிற தூரம் கூடும். பல்லின் முகத்தில் வருகிற பாரம் 133 கிலோ.

பல்லின் முகம் மையத்தைப் பார்த்து நேராக இருக்கக் கூடாது. 10 டிகிரி போல உள்ளே சரித்து வெட்டினால் பாரம் ஏற ஏற நாக்கு பல்லுக்குள் இழுபடும். நேராகவோ வெளியே சாய்ந்தோ வெட்டினால் பாரம் ஏறும்போதுதான் நாக்கு நழுவும். காஸ் கட்டிங் பண்ணிய பிறகு கிரைண்டரில் ஒவ்வொரு முகத்தையும் ஒரு அச்சுத் தகடு வைத்துப் பார்த்துத் தேய்ப்பது இதற்காகத்தான். நாக்கின் நுனியை விரலால் அழுத்திப் பார்த்தால் பல் அதை உள்ளே வாங்குகிறதா, வெளியே தள்ளுகிறதா என்று கைக்கே தெரியும்.

நாக்குக்கு ஸ்பிரிங் வேண்டாம், இந்தக் கரையில் முதலில் சாவது ஸ்பிரிங்தான். நாக்கின் மேல் ஒரு கனத்தைப் பற்றவைத்துத் தன் எடையிலேயே விழும்படி வையுங்கள்.

கை விட்டால் கைப்பிடி திருப்பி அடிக்காதா?

அடிக்கும். தாடையைப் பெயர்க்கிற அளவுக்கு அடிக்கும். அதனால் நாக்கு எப்போதும் இரண்டு: ஒன்று கைப்பிடியில், தள்ளுவதற்கு, மற்றது சட்டத்தில், பிடித்து நிறுத்துவதற்கு. கைப்பிடி பின்னால் வரும் நேரம் முழுவதும் சட்டத்து நாக்குதான் படகைப் பிடித்திருக்கிறது. அது இல்லாமல் செய்து தரச் சொன்னால் நான் செய்து தருவதில்லை.

இறக்கும்போது அந்த நாக்கைக் கையால் தூக்க முயலாதீர்கள். கைப்பிடியில் சற்றே முன்னால் தள்ளி, பாரம் இறங்கிய பிறகு தூக்கி, வால் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

முன்னால் தள்ளும்போதும் பின்னால் இழுக்கும்போதும் ஒரே பக்கம் சுற்ற வைக்கலாமா?

வைக்கலாம். கைப்பிடியின் அச்சைச் சக்கரத்தின் பக்கத்தில் தனியாக வையுங்கள். அச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு நாக்கு, அந்தப் பக்கம் ஒரு நாக்கு. ஒன்று பல்லைத் தள்ளுகிற வகை, மற்றது கொக்கி போல இழுக்கிற வகை. கை எந்தப் பக்கம் போனாலும் இரண்டில் ஒன்று சக்கரத்தை அதே திசையில் நகர்த்தும். வேலை இரட்டிப்பாகும், தேய்கிற இடங்களும்தான். தினமும் பயன்படுத்தாத விசைக்கு இவ்வளவு தேவையில்லை.

துருவுக்கு என்ன செய்வது?

மண்டபத்தில் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு) நிறுவனத்துக்கு உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்கும் நிலையமே இருக்கிறது. அப்படிப்பட்ட காற்றில்தான் நாம் இரும்பை வைக்கிறோம்.

எல்லாவற்றையும் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போட்டுவிடலாம் என்பது காசுள்ளவர்களின் முதல் பதில். அதில் 304 என்ற ரகம் உப்புக்காற்றில் பழுப்பேறும், 316 மேல், விலையும் மேல். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வெறுமனே முறுக்கினால் பாதியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். கிரீஸ் தடவி மெதுவாக முறுக்குங்கள். எம்.எஸ். சட்டத்தில் பித்தளை புஷ் போட்டால் உப்புத் தண்ணீர் படும்போது புஷ் நன்றாக இருக்கும், சுற்றியுள்ள இரும்பு அரித்துக்கொண்டே போகும். நைலான் புஷ் நல்லது, ஆனால் நைலான் தண்ணீர் குடித்துச் சற்றுப் பெருக்கும். லேத்தில் கடையும்போது இடைவெளியைத் தாராளமாக விடச் சொல்லுங்கள்.

திறந்த பல்லில் கிரீஸ் அப்பாதீர்கள். மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். மூடிய பேரிங்குக்குக் கிரீஸ், திறந்த பல்லுக்கு லேசாக எண்ணெய், வேலை முடிந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீருக்கே அலைகிற ஊரில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு வழியில்லை.

பாம்பன் பாலம் தூக்குவது இதில் எந்த வகை?

1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் நடுவே கப்பலுக்கு விலகிய பகுதி, ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் வழங்கும் வகை. இரண்டு இதழ்கள், ஒவ்வொன்றின் அடியிலும் வட்டத்தின் ஒரு பகுதி போன்ற வளைவு. அந்த வளைவு தட்டையான பாதையில் பின்னோக்கி உருளும், உருளும்போது இதழ் எழும். நேர்கோட்டில் நகர்த்துவது எழும் சுழற்சியாக மாறுவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் பக்கத்தில் கிடையாது. மோட்டார் இல்லை, ஆட்கள் கம்பிகளைத் தள்ளிப் பல்சக்கரங்களைச் சுற்றித்தான் திறந்தார்கள். அவ்வளவு இரும்பைக் கையால் தூக்க முடிந்தது எப்படி என்றால், பின்பக்கத்து எதிர்எடை பாலத்தின் பாரத்தைச் சமன் செய்துவிட்டது. ஆட்களுக்கு மிஞ்சியது உராய்வும் காற்றும்தான்.

புராஜெக்ட் செய்கிறவர்கள் இதிலிருந்து எடுக்க வேண்டியது எதிர்எடை. பாரத்தைச் சமன் செய்ய முடிந்தால் பல்சக்கரம், ராட்செட் எல்லாம் சின்னதாகிவிடும். 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி மோட்டாரால் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, அது வேறு வகை.

அலை தள்ளுவதை வைத்துச் சுற்ற வைக்கலாமா?

கேரளத்தில் விழிஞ்ஞத்தில் 1991-ல் 150 கிலோவாட் அளவில் செய்து பார்த்தார்கள். அலை ஓர் அறைக்குள் ஏறி இறங்கும்போது காற்று உள்ளும் வெளியும் போகும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றுகிற வெல்ஸ் டர்பைனை வைத்திருந்தார்கள். தள்ளியது திரும்பி வரும்போது என்ன நடக்க வேண்டும் என்ற அந்த மூன்றாவது கேள்விக்கு அது ஒரு அழகான விடை. ஆனால் பாக் நீரிணைப் பக்கம் அலை சாதுவானது. தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ இதை வைத்து விளக்கு எரிக்கலாம் என்று மாதிரி செய்து வருகிறவர்களிடம், மிதவையும் ராட்செட்டும் வைத்து ஒரு பல் நகர்வதைக் காட்டுங்கள், மதிப்பெண்ணுக்கு அது போதும் என்றுதான் சொல்வேன்.

லேத் பட்டறைக்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

அட்டையில் முழு அளவில் ஒன்று வெட்டி, குண்டூசி குத்தி ஆட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். நாக்கு விழுகிறதா, கை முட்டுகிறதா என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஒரு தாளில்: ஷாஃப்ட் விட்டம், பேரிங் நம்பர், புஷ்ஷின் உள்விட்டமும் வெளிவிட்டமும், கீ (சக்கரம் ஷாஃப்ட்டில் வழுக்காமல் இருக்கச் செருகும் ஆப்பு) எங்கே வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும். கடைசியில் சொன்னதை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள், "வலப்பக்கம்" என்று எழுதாதீர்கள். எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில் வலமும் இடமும் மாறிவிடும், ராட்செட் பல்லைத் தலைகீழாக வெட்டிவிட்டால் தகடு போனதுதான்.